இன்னொரு பெயர்

மெல்பேர்னின் நோபல் பார்க்கில் ரயில் தரையை விட்டு மேலே பாலத்தில் ஓடத் தொடங்கிய பிறகு, கீழே மிஞ்சிய நிலத்தில் புல் முளைத்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் இருந்த பழைய சாரணர் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபை கூடும். முன்பக்கம் ஆராதனை. பின்பக்கம் குசினி. இரண்டுக்கும் நடுச்சுவரில், சாப்பாட்டுத் தட்டுகளை நீட்டிக் கொடுக்க ஒரு சதுரத் திறப்பு.

சிவனேஸ்வரி பல வருடமாக அந்தத் திறப்பின் வழியாகத்தான் ஆண்டவரைத் துதித்து வந்தாள். மற்றவர்கள் கைகளை உயர்த்திப் பாடும்போது அவள் கையில் அகப்பை இருக்கும். பருப்புக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு அப்படியே பல்லவியைப் பிடிப்பாள். ஆளைக் காணாமல் குரல் மட்டும் மண்டபத்துக்குள் வரும். கீபோர்டு வாசிக்கிறவர் அவளுடைய சுருதிக்குத் தன் சுருதியை இறக்கிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் யார் பாடுவது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்குப் பாட்டு வந்தது வில்லாவுட் தடுப்பு முகாமில். படகில் வந்து இறங்கியபின் அவள் பேச்சு நின்று போயிருந்தது. புருஷன் சிறிதரன் கேட்கிறதற்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அப்போது சிட்னியில் இருந்த பாஸ்டர் தர்மேந்திரன் சனிக்கிழமைகளில் கிட்டாரோடு முகாமுக்கு வருவார். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே ஊழியத்துக்குப் போனவர். அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்து பாடினார், அடுத்த வாரமும் வந்து பாடினார். ஒரு நாள் அவள் அந்தப் பாட்டின் கடைசி வரியைத் தானும் சொன்னாள். அதுதான் இந்த நாட்டில் அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ். பிறகு அவர் மெல்பேர்னுக்குப் போய்ச் சபை தொடங்கியபோது, வெளியே விடப்பட்டிருந்த இவர்கள் இருவரும் அவர் பின்னாலேயே வந்துவிட்டார்கள். சிவனேஸ்வரி என்ற சைவப் பெயரை மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். "அவங்க பேரு அவங்களுக்கு இருக்கட்டும், நான் மட்டும் தர்மேந்திரன்னு இருக்கல?" என்று சிரித்தவரும் அவர்தான்.

பாஸ்டருடைய ஒரே மகள் திவ்யதர்ஷினி பன்னிரண்டாம் வகுப்பு. கிளென் வேவர்லியில் வீடு. அங்கிருந்த பள்ளிக்கூடத்துக்காகவே வாங்கிய வீடு. அந்தக் குளிர்காலத்தில் பிள்ளைக்கு நித்திரை அற்றுப்போயிற்று. கை நடுங்கியது. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஒரு புதன்கிழமை பாஸ்டரும் அவருடைய ஊர்க்காரியான மனைவி சந்திரிகாவும் ஒரு செத்தவீட்டுக்கு ஜீலோங் போகவேண்டி வந்தது. பிள்ளையைத் தனியே விட மனமில்லாமல் சிவனேஸ்வரியைக் கூப்பிட்டார்கள்.

டண்டினோங்கில் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுத்து மடித்து எடுக்கும் வேலை. அன்று வேலை முடிந்த கையோடு, உடுப்பில் சவர்க்கார மணத்தோடு போய் இறங்கினாள். பிள்ளை புத்தகங்களுக்கு நடுவே கண்கள் உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள். சோறு குழைத்துத் தீத்தினாலும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

"எத்தினை நாளா பிள்ளை இப்பிடி?"

"ஐ டோன்ட் நோ, ஆன்ட்டி. ஃபார் எவர்."

சிவனேஸ்வரி யோசிக்கவே இல்லை. குசினிக்குள் போய்ச் செத்தல் மிளகாயும் உப்பும் கொஞ்சம் கடுகும் கைப்பிடிக்குள் எடுத்தாள். பிள்ளையைக் கதிரையில் இருத்திச் சுற்றினாள். "தூ எண்டு துப்பு பிள்ளை." பிள்ளை துப்பினாள். எல்லாவற்றையும் தாச்சியில் போட்டுக் காஸ் அடுப்பில் வைத்ததும் புகை எழும்பிக் கூரையில் இருந்த அலாரம் அலறத் தொடங்கியது. சிவனேஸ்வரி கதிரையில் ஏறித் துவாயால் விசிறினாள். பிள்ளை இருமிக்கொண்டே சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சோபாவிலேயே சரிந்து, தாய் தகப்பன் வந்து எழுப்பும்வரை நித்திரை கொண்டாள்.

அந்த ஞாயிறு, பாட்டுக்கு நடுவில், திவ்யா முன் வரிசையில் விழுந்தாள். கதிரைகள் சரிந்த சத்தம் கேட்டுச் சிவனேஸ்வரி திறப்பின் வழியே எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் கால்கள் உதறிக்கொண்டிருந்தன. பற்கள் கிட்டியிருந்தன. ஆட்கள் சுற்றி நின்று உரத்து ஜெபித்தார்கள். சற்றுப் பொறுத்துப் பிள்ளை வாய் திறந்தாள். "ஸ்மோக்… ஆன்ட்டி… ஸ்மோக்…" கை எழுந்து குசினித் திறப்பைக் காட்டியது.

மண்டபத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். சிவனேஸ்வரி அகப்பையோடு நின்றாள்.

செவ்வாய் பின்னேரம் பாஸ்டரும் சந்திரிகாவும் சிவனேஸ்வரியும் சிறிதரனும் இருந்த யூனிட்டுக்கு வந்தார்கள். வெளியே தூறல். சிவனேஸ்வரி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் கோப்பையைத் தொடவில்லை. 

"அக்கா, நான் கோவிச்சுக்க வரல" என்றார் பாஸ்டர். "நடந்தத மட்டும் சொல்லுங்க. புதன்கிழமை பிள்ளைக்கு என்னா செஞ்சீங்க?"

"நாவூறு கழிச்சனான் பாஸ்ரர். மிளகாயும் உப்பும்."

"யாருகிட்ட கேட்டு செஞ்சீங்க?"

"ஆரிட்டையும் கேக்கேல்லை. எங்கடை பக்கம் எல்லாரும் செய்யிறதுதானே. பிள்ளை சாப்பிடேல்லை, படுக்கேல்லை. பாக்க ஏலாமல் செய்தனான்."

"என்னா மந்திரம் சொன்னீங்க?"

"மந்திரமோ? எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. நாய்க்கண் பேய்க்கண் எண்டு சொல்லுறது…"

சொல்லி முடிக்கும் முன்பே, பேய் என்ற சொல் வாயில் வந்திருக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்திரிகா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்து ஜெபிக்கத் தொடங்கினாள்.

"பேயக் கூப்பிட்டிருக்கீங்க அக்கா" என்றார் பாஸ்டர் மெல்ல.

"கூப்பிடேல்லை பாஸ்ரர். போ எண்டு சொல்லுறதுதான்."

"ஜெபம் இருக்கும்போது மிளகா எதுக்குலா?" என்றாள் சந்திரிகா. "அந்தச் சட்டில எங்களுக்குத் தெரியாம என்னா போட்டீங்க? உங்களுக்குப் பிள்ள இல்ல, அது எங்களுக்கும் வருத்தம்தான். அதுக்காக என் பிள்ள மேல…" 

சிறிதரன் கதிரையின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. எங்கம்மா கோயில்ல சாமி ஆடுறவங்க. பூசாரியப் பாத்தாங்க, மலாய்க்கார மந்திரவாதியப் பாத்தாங்க. புகை, கயிறு, தகடு எல்லாம் செஞ்சாங்க. பதினேழு வயசுல செத்துப்போனான். நான் அந்த வீட்டுலேர்ந்து ஓடி வந்தவன், அக்கா. அது என் வீட்டுக்குள்ளயே வந்திருச்சுன்னா நான் என்னா செய்வேன்?"

அவருடைய குரல் உடைந்ததைக் கேட்டு அவளுக்கும் அழுகை வந்தது. வில்லாவுட்டில் முன்னால் உட்கார்ந்து பாடிய அதே மனிதர்தான்.

முடிவை அவரே சொன்னார். சபைக்கு முன்னால் மைக்கில் நின்று, அசுத்த ஆவிக்கு இடம் கொடுத்தேன், அதனால் ஒரு பிள்ளைக்குத் தீங்கு வந்தது, இன்று அதை விட்டுவிடுகிறேன் என்று அவள் அறிக்கையிட வேண்டும். அதுவரை மண்டபத்துக்குள் வரக்கூடாது. அவள் கையால் யாரும் சாப்பிடமாட்டார்கள்.

"மிளகாய் சுத்தினது பிழை எண்டு சொல்லுறன் பாஸ்ரர். தீங்கு செய்தனான் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

"யோசிச்சுப் பாருங்க. கதவு திறந்துதான் இருக்கு."

அவர்கள் போனபின், தொடாத தேத்தண்ணியைச் சிவனேஸ்வரி தொட்டிக்குள் ஊற்றினாள்.

சிறிதரன் அடுத்த ஞாயிறும் சபைக்குப் போனான். போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவனும் போகட்டுமா என்று கேட்கவில்லை. பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். கிழமை முழுக்க யாரோடும் தமிழில் கதைக்க வழியில்லை. அவனுக்கும் இருந்த ஒரே இடம் அதுதான்.

ஞாயிறு காலையில் அவள் வீட்டைக் கூட்டினாள். உடுப்புத் தோய்த்து வெளியே கொடியில் போட்டாள். மழை வந்தது, எடுத்தாள். வெயில் வந்தது, திரும்பப் போட்டாள். இப்போது ஜெபம் தொடங்கியிருக்கும், இப்போது முதல் பாட்டு, இப்போது சோறு வடிக்கிற நேரம் என்று கை தானாகப் பரபரத்தது. இரண்டு பேருக்குச் சமைக்க அவளுக்கு அளவு வரவில்லை. வைத்த பருப்பு புதன்கிழமை வரை கிடந்தது.

சிறிதரன் வந்ததும் கேட்பாள்.

"என்ன பாட்டுப் பாடினவை?"

"வழமையாப் பாடுறதுகள்தான்."

"வழமையா எண்டால்? அந்த மெல்லப் போறதோ, கை தட்டுறதோ?"

"எனக்கென்ன தெரியும் ஈசு. ரெண்டும் பாடினவை."

"ஆர் எடுத்துக் குடுத்தது?"

"மயூரா."

மயூரா அந்த வருடம் வந்து சேர்ந்த பெட்டை. கைக்குழந்தைக்காரி. நல்ல குரல், ஆனால் மேலே போகும்போது மூச்சுக் காணாது.

"சாப்பாடு?"

"கடையிலை எடுத்தவை. புரியாணி." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "வாயிலை வைக்க ஏலாது."

அதற்கு அவள் சிரித்திருப்பாள், வேறு காலமென்றால். சலவைக்கூடத்தில் முன்பெல்லாம் உருளை இரைச்சலுக்குள் சத்தமாகப் பாடுவாள், யாருக்கும் கேட்காது. இப்போது வாய் திறந்தால் காற்று மட்டும் வந்தது. வில்லாவுட்டில் இருந்தது போலவே ஆகிவிடுமோ என்று பயந்தாள். சந்தையில் சபைப் பெண்கள் எதிர்ப்பட்டால் மறுபக்கம் திரும்பி வெண்டிக்காய் பொறுக்கினார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தி, ஒரு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

செப்டெம்பர் வந்து, வேலியோரத்து வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்தது. ஒரு சனிக்கிழமை அவள் சிறிதரனிடம் சொன்னாள்.

"நாளைக்கு நானும் வாறன். அவை சொல்லச் சொன்னதைச் சொல்லுறன்."

"உண்மையாவோ?"

"உண்மையோ பொய்யோ, எனக்கு அங்கை போக வேணும்."

மைக்கின் முன் நின்று, சொல்லித் தந்தபடியே சொன்னாள். மூன்று வசனம். சொல்லும்போது யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வது போலிருந்தது. முடித்ததும் மண்டபம் எழுந்து நின்றது. சந்திரிகா ஓடிவந்து கட்டிப் பிடித்தாள். பெண்கள் ஒவ்வொருத்தராய் வந்து அவள் கன்னத்தைத் தங்கள் கண்ணீரால் நனைத்தார்கள். சிவனேஸ் அக்கா, சிவனேஸ் அன்ரி என்று எல்லா வாயிலும் அவள் பெயர். பாட்டுத் தொடங்கியது. அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது, அவளுக்கே ஆச்சரியமாக. அன்று அவள் பாடியதைப் போல் முன்னெப்போதும் பாடியதில்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். இதற்காக எதையும் சொல்லியிருக்கலாம், இன்னும் கேட்டாலும் சொல்லலாம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றிற்று.

சமையல் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றார்கள். சட்டி பானை கழுவக் கொடுத்தார்கள். புதிதாக யாராவது வந்தால் பாஸ்டர் அவளைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க சாட்சியச் சொல்லுங்க" என்பார். அவள் அந்த மூன்று வசனத்தையும் சொல்வாள். சில தாய்மார் கேட்டுக்கொண்டே பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வார்கள். மயூரா மாற்றவில்லை. அவள் குழந்தையைச் சிவனேஸ்வரியின் மடியில் போட்டுவிட்டுப் பாடப் போவாள். குழந்தையின் உள்ளங்காலில், சப்பாத்து மறைக்கிற இடத்தில், ஒரு கறுத்த பொட்டு இருந்தது. சிவனேஸ்வரி சப்பாத்தை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிறு திவ்யா குசினிக்குள் வந்து தொட்டியருகே நின்றாள். துவாயை எடுத்துக் கழுவிய தட்டுகளைத் துடைத்தாள். மெலிந்து போயிருந்தாள்.

"ஆன்ட்டி, ஐ நெவர் சேட் இட் வாஸ் யூ."

சிவனேஸ்வரி தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"விழுந்தப்ப எனக்கு எல்லாம் கேட்டுச்சு. எல்லாரும் கத்துனாங்க. எனக்கு அன்னைக்கு மாதிரித் தூங்கணும்போல இருந்துச்சு. தட் டே வாஸ் நைஸ். ஸோ ஐ ஆஸ்க்ட் ஃபார் யூ. உங்களத்தான் கூப்பிட்டேன். ஐ வாண்டட் த ஸ்மோக்." துடைத்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்பாகிட்டச் சொல்லாதீங்க. சொன்னா, அது எனக்குள்ளேருந்து பேசுதுன்னு சொல்லுவாரு. மறுபடி எல்லாரும் கைய வைப்பாங்க."

சிவனேஸ்வரி ஈரக் கையோடு பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்தாள். "சொல்லமாட்டன் பிள்ளை."

திவ்யா அடுத்த கிழமையும் விழுந்தாள். இந்த முறை நாக்கைக் கடித்து இரத்தம் வந்தது. ஒரு சொல்லும் பேசவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால், பாஸ்டர் சிவனேஸ்வரியைக் கதிரைகள் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் கூப்பிட்டார். சந்திரிகாவும் இருந்தாள். பிள்ளையை வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். பாஸ்டருக்கு ஒரு மாதத்தில் பத்து வயது கூடினாற்போலிருந்தது.

"நீங்க விட்டுட்டீங்க. ஆனா அது போகல அக்கா. அப்படின்னா இன்னொருத்தர் இருக்காங்க."

"ஆர் பாஸ்ரர்?"

"உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஆவி உங்ககிட்ட இருந்திச்சு. யாரு அதே மாதிரி செய்யிறாங்க, உங்களுக்குத் தெரியும். ஒரு பேரு சொன்னாப் போதும்."

"எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"மயூரா புள்ளையோட கால்ல மை இருக்குதாமே?" என்றாள் சந்திரிகா. "நீங்கதான அந்தப் புள்ளயத் தூக்கி வச்சிருக்கீங்க. பாத்திருப்பீங்கல்ல?"

வெளியே மயூரா மைக்கைச் சரிபார்த்துக்கொண்டு ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். சிவனேஸ்வரிக்கு அந்தக் குரல் கேட்டது. ஓம், பாத்தனான் என்று ஒப்புக்கொள்ள ஒரு சொல் போதும். சொன்னால் அகப்பை திரும்பக் கைக்கு வரும். சொல்லாவிட்டால் வாட்டில் பூக்க முன்பிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான், இனி எப்போதைக்கும். அவள் அடுக்கியிருந்த கதிரைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மைக்கிலை சொன்னது பொய், பாஸ்ரர்."

அவர் விளங்காமல் பார்த்தார்.

"ஒரு ஆவியும் என்னட்டை இருக்கேல்லை. பிள்ளைக்கு நான் ஒரு தீங்கும் செய்யேல்லை. நீங்கள் எல்லாரும் என்னோடை கதைக்க வேணும் எண்டதுக்காகச் சொன்னனான்."

"அக்கா, அத நீங்க கர்த்தருக்கு முன்னால சொன்னீங்க."

"ஓம். மிளகாய் சுத்தினதுக்கு எனக்குப் பயமில்லை. பொய் சொன்னதுக்குத்தான் பயமாக் கிடக்கு. இப்ப இன்னொரு ஆளையும் அதுக்குள்ளை இழுத்து விட ஏலாது."

"அப்ப என் பிள்ளைக்கு என்னா?" அவர் கேட்டார். கோபமில்லை. உண்மையாகவே அவளிடம் கேட்பது போல் கேட்டார். "சொல்லுங்க. அவளுக்கு என்னாதான்?"

பிள்ளை சொன்னது சிவனேஸ்வரியின் நாக்கு நுனி வரை வந்தது. வாக்குக் கொடுத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது பாஸ்ரர். நான் டொக்டரும் இல்லை, பேயும் இல்லை. வேறை டொக்டர் ஒராளிட்டைக் காட்டுங்கோ. பக்கத்திலை இருந்து அவளோடை கதையுங்கோ. முகாமிலை என்னட்டை ஒண்டும் கேக்காமல் இருந்தனீங்களே, அப்பிடி இருங்கோ."

பாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சந்திரிகா கதவைத் திறந்து விட்டாள்.

வெளியே, உள்நாட்டுப் பாலையிலிருந்து வரும் வடக்குக் காற்று சூடாக அடித்தது. சிவனேஸ்வரி பூட்டாமல் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்தாள். கார்ச் சாவி சிறிதரனிடம். கண்ணாடியைக்கூட இறக்க முடியாது. மண்டபத்தில் பாஸ்டரின் குரல் எழுந்து, சற்று நேரம் தடுமாறிப் பேசி, ஓய்ந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்.

குழந்தை அழுதது போலும், மயூரா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பாஸ்டர் உள்ளே சொன்னதைக் கேட்டாளோ கேட்கவில்லையோ, காருக்குள் இருந்தவளைக் கண்டதும் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். சிவனேஸ்வரியும் கையை உயர்த்தினாள். யாரோ உள்ளிருந்து கூப்பிட, மயூரா போய்விட்டாள். தன்னைப் பற்றி ஒரு அறைக்குள் என்ன பேசப்பட்டது என்று அவளுக்கு என்றைக்கும் தெரியவராது.

பிறகு சிறிதரன் வந்தான். சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. பிரசங்கம்கூடத் தொடங்கவில்லை. வந்து கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வேதப்புத்தகத்தைப் பின்சீட்டில் வைத்தான்.

"ஏன் வந்தனீங்கள்?"

"ஆரும் இருக்கச் சொல்லேல்லை. போகச் சொல்லவும் இல்லை. எழும்பி வந்திட்டன்." சாவியைக் கையில் வைத்து உருட்டினான். "முதலே எழும்பியிருக்க வேணும்."

அவள் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

"டண்டினோங்கிலை ஒரு சபை இருக்காம். இங்கிலிஸ்தான். போய்ப் பாப்பமே?"

"இங்கிலிஸிலை பாட எனக்கு வராது."

"பழகலாம்."

"பாப்பம்."

அவன் காரை இயக்கினான். அப்போது மண்டபத்துக்குள் பாட்டுத் தொடங்கியது. மெல்லப் போகிற பாட்டு. சனங்கள் எல்லாரும் ஒன்றாய் எடுத்தார்கள். சிவனேஸ்வரி அவன் கையைத் தொட்டாள்.

"நிப்பாட்டுங்கோ."

"என்ன?"

"இது முடியட்டும். பிறகு போவம்."

சிறிதரன் எஞ்சினை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கினான்.